நோட்டு நனையவில்லை

முரளி,

இதைக் கையில் எடுத்ததும் முதலில் உட்கார்ந்துகொள். நடந்துகொண்டே படிக்கிற பழக்கம் உனக்கு உண்டு, இன்றைக்கு வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறதடா. இருபது வருடமாக மாதம் தவறாமல் வாளும் மந்திரமும் எழுதி, ராட்சதர்களைக் கண்டதுண்டமாக வெட்டிப்போட்ட கை இது. ஒரு வெள்ளைத்தாளுக்கு முன்னால் நேற்று ராத்திரியிலிருந்து திணறிக்கொண்டிருக்கிறது. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். குப்பையைக் கூட்டும்போது உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இன்னாங்க, உங்க வீரன் எங்கனா வசமா மாட்டிக்கினானா?" என்று கேட்டாள். ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், இல்லாவிட்டால் இதையும் கிழித்துவிடுவேன். புதன்கிழமை நீ பம்பாய்க்கு ரயில் ஏறுகிறாய். அங்கிருந்து கப்பல், எஞ்சின் அறை வேலை, திரும்பி வர ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ. போவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் மகாபலிபுரம் போகவேண்டும் என்று நீதான் ஆசைப்பட்டாய். "ஒம்பது வயசுல என்னக் கடல்லேர்ந்து தூக்கினியேப்பா, அந்த எடத்துல ஒரு தபா கால நனைச்சிட்டு, உன் கால்ல வுழுந்துட்டுக் கெளம்பறேன்" என்றாய். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முரளி, அன்றைக்கு உன்னைத் தூக்கியது நான் இல்லை. பதினோரு வருடமாக நீ வேறு யாருக்கோ சேரவேண்டிய நன்றியை எனக்குச் செலுத்திக்கொண்டிருக்கிறாய், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் பாதி உண்மை முழுப் பொய்யைவிடக் கெட்டது. பதிவாபீசில் பத்திரங்களைப் பார்த்துப் பார்த்து நான் கற்றுக்கொண்டது அது. நான்கு எல்லையில் மூன்றை மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டுதான் அண்ணனும் தம்பியும் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அதனால் நான்கு எல்லையையும் எழுதிவிடுகிறேன்.

கப்பல் கம்பெனி இன்டர்வியூவுக்குப் போய்விட்டு வந்து நீ சொன்னது நினைவிருக்கிறதா? "கடல்னா பயமான்னு கேட்டாங்கப்பா. நான் உன்னப் பத்திச் சொன்னேன். பேனாவப் பல்லுல கடிச்சிகினு, ஒரு கையால என்னத் தூக்கிப் புடிச்சிகினு நீந்தி வந்தாரு எங்கப்பா, அவரு புள்ளக்கி இன்னா சார் பயம்னு கேட்டேன். சிரிச்சாங்க. வேல குடுத்துட்டாங்க." அப்போது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிவிட்டேன். நீ பொய் சொல்கிற பிள்ளை இல்லை. உனக்கு அது நிஜமாகவே நினைவில் இருக்கிறது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த நினைவை உனக்குள் வைத்தவன் நான். அது எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

என்னைப் பற்றி உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒரு தரம் நேராகப் பார். உன் அப்பன் தொடைநடுங்கி. ஏரி நிரம்பிய வருடம் நம் வீட்டுக் குளியலறைக்குள் ஒரு தண்ணிப்பாம்பு வந்தது. நான் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டு கூப்பாடு போட்டேன். உன் அம்மா துடைப்பத்தால் அதை வாசலுக்குத் தள்ளிவிட்டு, அதே துடைப்பத்தால் தண்ணீரையும் தள்ளினாள். அந்த மாத இதழில் என் தொடரின் வீரன் உதயசிங்கன் ஏழு தலை நாகத்தை எட்டுப் பக்கம் போராடிக் கொன்றான். அதைப் படித்துவிட்டு அம்மா, "ஏழு தலைக்கு எதுக்குங்க வாளு? ஒரு தொடப்பக்கட்ட பத்தாது?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எமர்ஜென்சி வந்தபோது என் தொடரில் ஒரு கொடுங்கோல் ராஜா, மந்திரவாதியின் பேச்சைக் கேட்டு ஊரையே சிறையில் போட்டுக்கொண்டிருந்தான். அவன் எமர்ஜென்சிக்கு ஒரு வருடம் முன்பே பிறந்தவன், சத்தியமாக எனக்கு அரசியல் எதுவும் தெரியாது. ஆனாலும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்களே, பத்து நாள் வாசலில் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் போலீஸ் என்று நினைத்துச் செத்துச் செத்துப் பிழைத்தேன். அடுத்த அத்தியாயத்திலேயே அந்த ராஜாவைத் திருத்தி, கோயில் கட்ட வைத்துவிட்டேன். வாசகர்கள் திட்டி எழுதினார்கள்.

பயந்தவன்தான் வீரக்கதை எழுதுவான் என்று எனக்குத் தோன்றுகிறது. தைரியசாலிக்கு அதற்கு நேரம் ஏது? எங்கள் தொழிலில் சில கட்டுப்பாடுகள் உண்டு. வாளுக்குப் பெயர் இருக்கவேண்டும். வீரனுக்கு வயிற்றுவலி வரக்கூடாது. ரேஷன் கடை வரிசையில் அவன் நிற்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அவனுக்குக் குழந்தை இருக்கக்கூடாது. ஒரு தடவை உதயசிங்கனுக்கு ஒரு மகன் பிறந்ததாக எழுதி அனுப்பினேன். ஆசிரியர் அதை வெட்டிவிட்டார். "குழந்தையைக் கையில் வைத்திருக்கிறவன் எந்தக் கையால் சண்டை போடுவான் சார்?" என்று எழுதியிருந்தார். பத்திரிகைக்காரர் பேச்சு என்று சிரித்துவிட்டு மறந்துவிட்டேன். நீ பிறந்து இரண்டு வருடம் இருக்கும் அப்போது.

இனி அந்த நாள். தொடரில் உதயசிங்கன் கடலைக் கடந்து மந்திரவாதியின் தீவுக்குப் போகவேண்டிய கட்டம். எனக்கோ கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கிப் பழக்கமில்லை. ஒரு தடவை நேரில் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொள்ளலாம் என்று, பள்ளிக்கூடம் விடுமுறை என்று வீட்டில் இருந்த உன்னையும் அழைத்துக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் கிளம்பினேன். கோயிலைத் தாண்டி வடக்கே, கட்டுமரங்கள் ஏற்றிவைத்திருக்கிற கரை. பகல் பதினோரு மணி, நல்ல வெயில். கொஞ்ச தூரத்தில் ஒரு அம்மாள் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து நெத்திலி பொறுக்கிக்கொண்டிருந்தாள். உன் கையை என் இடது கையில் பிடித்திருந்தேன். வலது கையில் நோட்டு. அதில் பன்னிரண்டு பக்கம் எழுதி முடித்திருந்தேன், மறுநாள் தபாலில் சேர்க்கவேண்டியது. அலை திரும்பும்போது காலுக்கடியில் மணல் நழுவுகிறதே, அது எப்படி இருக்கிறது என்று வார்த்தை தேடிக்கொண்டே இன்னும் நாலு அடி உள்ளே போனேன். "வேணாம்பா, போதும்பா" என்று நீ சொன்னாய். நீ சொன்னாய், முரளி. உனக்கு அன்றைக்குப் பயம் இருந்தது. நான்தான் கேட்கவில்லை.

பெரிய அலை ஒன்று வந்தது. எனக்கு நெஞ்சு வரைக்கும், உனக்குத் தலைக்கு மேல். அந்த ஒரு விநாடியில் நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டு நனையாமல் தலைக்கு மேலே தூக்கினேன். ஒரு கையால் இல்லை. இரண்டு கையாலும். உன்னை அலை பிடுங்கிக்கொண்டு போனது என்று எனக்கு நானே பல வருடம் சொல்லிப் பார்த்துவிட்டேன், அது பொய். அலை வருவதற்கு முன்பே என் இடது கை உன்னை விட்டுவிட்டது. அலை இறங்கியபோது நீ இல்லை. உன் தலைமயிர் மட்டும் ஒரு தரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை. நான் அசையவில்லை. கத்தக்கூட இல்லை. கோயில் கொடிமரம் மாதிரி நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள்தான் ஓடி வந்தாள். புடவையை வாரிச் செருகிக்கொண்டு, என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, உன் மயிரைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டு, குப்புறத் திருப்பி முதுகை அழுத்தினாள். நீ தண்ணீரைக் கக்கினாய். மூச்சு வந்தது, ஆனால் கண் திறக்கவில்லை. அப்போதுதான் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னமும் கையைக் கீழே இறக்கவில்லை. "அடப் பாவி மனுசா, பெத்த புள்ளய வுட்டுட்டு பொஸ்தகத்தத் தூக்கிப் புடிச்சிகினு நிக்கிறியே, நீயெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்றாள். அதற்குள் அவள் கூடையில் காக்கைகள் இறங்கிவிட்டன. அவற்றை விரட்டிக்கொண்டு போனவள் மீனை அள்ளிப் போட்டுக்கொண்டு குப்பத்துப் பக்கம் நடந்துவிட்டாள். நான் ஒரு நன்றி சொல்லவில்லை.

நீ கண்ணைத் திறந்தபோது உன் தலை என் மடியில் இருந்தது. கரையில் வேறு யாரும் இல்லை. "நீயாப்பா தூக்கின?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். அவ்வளவுதான். நான் இதுவரை எழுதியதிலேயே மிகச் சின்ன மாயாஜாலக் கதை அதுதான். வீட்டுக்கு வந்ததும் அம்மா உனக்குத் திருஷ்டி கழித்தாள், பிறகு எனக்கும் கழித்தாள். "உங்களப் பயந்தாங்கொள்ளின்னு கேலி பண்ணுவேனே, மன்னிச்சிடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அந்தப் பாம்பு நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததே இல்லை முரளி, எனக்கு மனசு வரவில்லை.

அடுத்த மாதம் உதயசிங்கன் வாளைப் பல்லில் கடித்துக்கொண்டு, மூழ்கிய இளவரசனை ஒரு கையால் தூக்கிப் பிடித்து நீந்திக் கரை சேர்த்தான். கை வலிக்க வலிக்க எழுதினேன். நடந்திருக்கவேண்டியதை எழுதினால் நடந்தது அழிந்துபோகும் என்று ஒரு நப்பாசை. அழிந்தது, ஆனால் என்னிடமிருந்து இல்லை, உன்னிடமிருந்து. அந்த இதழை நீ தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படித்தாய். அட்டை கிழிகிற வரைக்கும் படித்தாய். வாள் எப்போது பேனாவாக மாறியது, இளவரசன் எப்போது நீ ஆனாய் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் நீ அதைச் சொன்னாய், பாலிடெக்னிக்கில் சொன்னாய், இன்டர்வியூவிலும் சொன்னாய். அந்தப் பன்னிரண்டு பக்கமும் துளிகூட நனையாமல் அச்சேறின என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அந்தக் கரைப்பக்கம் நான் போகவே இல்லை. ஆபீஸ் வேலையாகப் புதுப்பட்டினம் அனுப்பினால்கூட உள்வழியாகவே போய் வந்தேன். வீட்டுக்கு விருந்தாளி வந்து மகாபலிபுரம் பார்க்கவேண்டும் என்றால் எனக்கு உடனே காய்ச்சல் வரும். அந்த அம்மாள் என்னைப் பார்த்துவிடுவாள், கூட்டத்தில் கையை நீட்டி, "பொஸ்தகத்தத் தூக்கின ஆளு இவன்தான்" என்று சொல்லிவிடுவாள் என்று பயம். நீ ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னதும் அந்தப் பயம் திரும்ப வந்து என் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதனால் நேற்று ஆபீசுக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு நான் தனியாகப் போனேன். உண்மையைச் சொல்லப் போகவில்லை. அவளிடம் வாயைக் கட்டிக்கொள்ளும்படி கெஞ்சப் போனேன். உன் அப்பன் எப்படிப்பட்டவன் என்று பார்த்துக்கொள்.

அவள் பெயர் கன்னியம்மா. அதுவே எனக்கு நேற்றுதான் தெரியும். அதே கரையில், தலை நரைத்து, அதே மாதிரி கூடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு பையனைக் காப்பாற்றினீர்களே என்று ஆரம்பித்தேன். அவள் ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்தப் புள்ளபா? வருசத்துக்கு ரெண்டு மூணு வெளியூரு ஆளுங்க வந்து வுழுதுங்க. இஸ்துப் போட்டுகினுதான் கீறோம். எத நெனப்பு வெச்சிக்கறது?"

"நோட்டைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு ஒருத்தர் நின்னாரே..."

"நோட்டாவது சீட்டாவது. தெரிலபா. மீனு வாங்கறியா, இல்லியா?"

முரளி, எனக்கு எழுந்து ஆடவேண்டும்போல இருந்தது. யாருக்கும் தெரியாது! உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது! சங்கரா மீன் வாங்கினேன். அவள் கேட்ட விலைக்கே வாங்கினேன். நேற்று நீ இரண்டு தரம் கேட்டுக் குழம்பு ஊற்றிக்கொண்டாயே, அந்த மீன்தான். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? என் மகன் கப்பல் வேலைக்குப் போகிறான் என்று பெருமையாகச் சொன்னேன். கடல் என்றால் அவனுக்குப் பயமே கிடையாது என்றும் சொன்னேன்.

மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "பயமே இல்லியா? அய்யே, அத்த இன்னா பெருமையா சொல்ற? எங்கூட்டுக்காரு பயந்தாங்கொள்ளி. மேகம் லேசாக் கறுத்தாக்கூட மரத்தக் கடல்ல தள்ள மாட்டாரு. குப்பமே சிரிக்கும். இதோ, கெழவனாயி வூட்ல குந்திகினு என் உசுர வாங்கினு கீறாரு. எங்கண்ணன் ஒருத்தன் இருந்தான், பயம்னா இன்னான்னே தெரியாது அதுக்கு. பொணங்கூட கெடைக்கல." சொல்லிவிட்டு மறுபடியும் செதிலைச் சுரண்டினாள். "பயத்தக் குடுத்து அனுப்பு நைனா, துணிமணி கெடக்குது" என்றாள்.

பஸ்ஸில் மீன்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். உடம்பெல்லாம் வேர்த்தது. பதினோரு வருடமாக நான் எனக்கு எது நேரும் என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். உனக்கு என்ன நேரும் என்று நேற்றுதான் பயந்தேன். உன்னிடம் பயம் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். ஒன்பது வயதில் "வேணாம்பா" என்று சொல்லத் தெரிந்திருந்த பிள்ளை நீ. என் "ம்" அதை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. விழுந்தால் அப்பா தூக்கிவிடுவார் என்கிற நினைப்போடு நீ நடுக்கடலில் ஏணி இறங்கப் போகிறாய், ஈரத்தளத்தில் ஓடப் போகிறாய். அங்கே உன்னைத் தூக்குவதற்கு ஒரு அப்பா கிடையாது. இங்கேயும் இருந்ததில்லை.

எங்கள் கதைகளில் ஒரு மந்திரவாதி வருவான், உனக்குத் தெரியும். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு கிளியின் உடம்பில் அவன் உயிர் இருக்கும். நான் எப்போதும் வீரன் பக்கம் நின்றுதான் எழுதினேன். கிளியின் கழுத்தைத் திருகினால் கதை முடிந்தது என்று கைதட்டினேன். அந்த மந்திரவாதி ஒவ்வொரு நாளும் எப்படிச் சோறு தின்றான் என்று ஒரு வரிகூட யோசித்ததில்லை. கடலுக்கு அப்பால் காற்றடித்தால் இங்கே அவனுக்கு மூச்சு முட்டியிருக்கும். ஒரு தபால் வர நான்கு நாள் தாமதமானால் அவன் வாசலிலேயே நின்றிருப்பான். கதை முழுவதிலும் பயப்படத் தெரிந்த ஆள் அவன் ஒருத்தன்தான். புதன்கிழமையிலிருந்து நான் அவன்தான் முரளி. என் உயிரை ஒரு தகரப்பெட்டியோடு ரயிலில் ஏற்றி அனுப்பிவிட்டு, பதிவாபீசில் உட்கார்ந்து வடக்கு எல்லை தெற்கு எல்லை என்று எழுதிக்கொண்டிருக்கப் போகிறேன்.

அதனால் உனக்கு நான் கொடுத்தனுப்புவது பயம்தான். என்னிடம் சொத்து என்று இருப்பதும் அதுதான், நிறைய இருக்கிறது, தாராளமாக எடுத்துக்கொள். ஏணியில் இறங்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள். ஒரு கையில் சாமான் இருந்தால் சாமானைக் கீழே போடு, எவன் திட்டினாலும் போடு. மேலதிகாரி "ஒண்ணும் ஆவாது, வா" என்றால், ஆகும் என்று நினைத்துக்கொள். உனக்குள் "வேணாம்பா, போதும்பா" என்று ஒரு குரல் கேட்டால் அதைக் கேலி பண்ணாதே. அது ஒன்பது வயதுப் பிள்ளையின் குரல். அவன் சரியாகத்தான் சொன்னான். உன்னைவிடத் தைரியமானவன் பக்கத்தில் நிற்காதே, கொஞ்சம் பயப்படுகிறவனாகப் பார்த்துச் சேர்ந்துகொள். கரை சேர்ந்த ஊரிலிருந்தெல்லாம் ஒரு கார்டு போடு. விலாசத்தை மட்டும் எழுதி அனுப்பினால்கூடப் போதும், உன் கையெழுத்தைப் பார்த்துக்கொள்வேன்.

இதை எழுதி முடித்ததும் நகல் ஒன்றைப் பத்திரிகைக்குத் தபாலில் சேர்க்கப்போகிறேன். இந்த மாதத் தொடருக்குப் பதிலாக இதைப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். பொய் அச்சில் வந்தது, மெய்யும் அச்சில் வரட்டும். ஆசிரியர் போடுவாரோ, குப்பையில் போடுவாரோ தெரியாது. உதயசிங்கன் இனி என்ன ஆவான் என்றும் தெரியாது. அம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீ படித்து முடித்ததும் இன்றைக்கே சொல்லிவிடுவேன். பாம்புக்கு எடுத்த துடைப்பத்தை எனக்கும் எடுத்தால் வாங்கிக்கொள்ளவேண்டியதுதான்.

நீ என்ன நினைப்பாய் என்பதுதான் எனக்கு இப்போதைய பெரிய பயம். என் முகத்தில் விழிக்காமலே நீ ரயில் ஏறிவிடலாம். ஏறினால் அது உன் நியாயம், நான் பிளாட்பாரத்துக்குக்கூட வரமாட்டேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பஸ் நிலையத்தில், திருக்கழுக்குன்றம் பஸ் நிற்கிற இடத்தில் நிற்பேன். நீ வந்தால் போவோம். கன்னியம்மா இருப்பாள், அவளுக்கு உன்னை நினைவில்லை, பரவாயில்லை, விழவேண்டிய கால் அவளுடையது. பிறகு நீயும் நானும் தண்ணீரில் இறங்குவோம், முழங்கால் வரைக்கும் போதும். நோட்டு எடுத்து வரமாட்டேன். பேனாகூட வேண்டாம். இரண்டு கையையும் வெறுங்கையாகக் கொண்டுவருகிறேன்.

அப்பா